பூட்டுப் படம்

சென்னை, வேளச்சேரி
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நைனாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? உன் சுகர் 262 என்று நைனா சொன்னார். நீ என்னிடம் 180 என்றாய். எது உண்மை என்று கேட்கப் போவதில்லை. கடையை விட்டு எழுந்து கொஞ்சம் நட என்று மட்டும் சொல்கிறேன்.

போனில் எதை ஆரம்பித்தாலும் "கடைல ஆள் இருக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை நடுவில் வைக்க முடியாது.

நானும் எழிலனும் கவிதாவும் வேலையை விட்டுவிட்டு ஓர் ஆப் செய்துகொண்டிருப்பது உனக்குத் தெரியும். என்ன ஆப் என்று நீ கேட்டதே இல்லை. இப்போது சொல்கிறேன். போன் கேமராவை ஓர் இடத்தை நோக்கிப் பிடித்தால், அங்கே வேறு யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன குறிப்பு காற்றில் மிதக்கிற மாதிரி திரையில் தெரியும். சுவரில் காகிதம் ஒட்டுவது போலத்தான், ஆனால் காகிதமும் கிடையாது, பசையும் கிடையாது. அந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் படிக்க முடியும். கீழே நீயும் எழுதலாம், மற்றவர் எழுதியதைத் திருத்தலாம். பெயர் 'ஒட்டு'.

சென்னையில் சோதித்துப் பார்த்தோம். இங்கே யாரும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. செஞ்சியில் நிற்பதற்கு ஆள் இருக்கிறார்கள். டிசம்பர் கடைசியில் ஒரு தேர்வுக் குழு முன்னால் இதைக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஒரு வருடம் உட்கார இடமும், வழிகாட்ட ஆளும் கிடைக்கும். அதற்குள் நாற்பது பேராவது தினமும் பயன்படுத்தியிருக்க வேண்டும். நம் ஊரில் ஆள் சேர்த்துத் தருவாயா? குறை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுது.

நைனாவுக்குத் தைலம் தேய்த்துவிடு.

உன் தங்கை
ஸ்ரீநிதி


செஞ்சி
14 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை நிதிக்கு,

அண்ணன் பூபதி எழுதுவது. நைனாவும் நானும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? சுகர் விஷயத்தில் நைனா சொன்னதும் பொய், நான் சொன்னதும் பொய். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

உன் ஆப்பை நாற்பத்தொரு பேர் போனில் ஏற்றியாகிவிட்டது. ஏற்றினால் ஓர் எவர்சில்வர் ஸ்பூன் இனாம் என்று கடை வாசலில் அட்டை வைத்தேன். முதல் நாளே பெயரில் சிக்கல். எல்லாரும் 'ஓட்டு' என்றுதான் படிக்கிறார்கள். சோடாக்கடை முருகையன் வந்து, "இன்னா பூபதி, எந்தக் கட்சிக்கு? போன தடவை குடம் குடுத்தாங்க. நீ ஸ்பூனோட முடிச்சிக்கறியே" என்றார். அப்புறம் இரண்டு ஸ்பூன் வாங்கிக்கொண்டு போனார்.

குறைகளை எழுதச் சொன்னாய். நம் எதிர்ச்சாரியில் இருக்கும் பல் டாக்டர் தன் வாசலில் 'வலியில்லாமல் பல் எடுக்கப்படும்' என்று எழுதினார். அது நகர்ந்து வந்து நம் கடைக்கு மேல் மிதக்கிறது. மூன்று பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒருவருக்குக் குக்கர் விற்றேன்.

நீயும் டாக்டரும் சொல்லிச் சொல்லி, ஒரு நாள் காலையில் செட்டிகுளம் வரைக்கும் நடந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து 'சோதனை. இது தெரிகிறதா?' என்று எழுதினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் குறிப்பு படிக்கட்டில் இல்லை. கரையிலிருந்து பத்தடி தள்ளி, தண்ணீருக்கு மேல் நிற்கிறது. அதற்குக் கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள்: 'தெரியுது. ஆனா படிக்க நீச்சல் தெரியணுமா?'

இதைச் சீக்கிரம் சரிசெய். ஊர் சிரிக்கிறது.

அன்புடன்
பூபதி


சென்னை
23 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூன்று பேருக்கும் ஜலதோஷம். ஒருவர் போனை ஒருவர் வாங்கி வாங்கிப் பார்த்ததில் வந்தது. வேறு ஒன்றுமில்லை. அங்கே நைனா எப்படி?

உன் கடிதத்தைக் கவிதா சத்தமாகப் படித்தாள். பல் டாக்டரிடம் எங்கள் சார்பில் மன்னிப்புக் கேள். போன் தான் நிற்கும் இடத்தைப் பத்தடி முன்னே பின்னே தப்பாகக் கணக்கிடுகிறது. தண்ணீர் பக்கத்தில் இருந்தால் பளபளப்பில் கேமரா இன்னும் குழம்பிவிடும். எழிலன் இரண்டையும் சரிசெய்துகொண்டிருக்கிறான். செட்டிகுளத்துக் குறிப்பு கூடிய சீக்கிரம் கரையேறிவிடும்.

புதிதாக ஒன்று அனுப்பியிருக்கிறோம். எழுதும் இடத்தின் மூலையில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் இருக்கும். பார்க்க அழகாக இருக்கிறதா என்று சொல்.

நீ நடந்தாய் என்று படித்ததும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டேன்.

ஸ்ரீநிதி


செஞ்சி
5 செப்டம்பர் 2025

அன்புத் தங்கை நிதிக்கு,

நலம். ஜலதோஷத்துக்கு மிளகு ரசம் வைத்துக் குடி. இந்தக் கடிதம் கொஞ்சம் அவசரம்.

செட்டிகுளத்துக் குறிப்பைக் கரையேற்ற வேண்டாம். மற்றதையெல்லாம் சரிசெய். அது மட்டும் அங்கேயே இருக்கட்டும். ஆராய்ச்சிக்கு உதவும்.

நான் இப்போது காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. சுகர் 198. இது உண்மை. சீட்டு இருக்கிறது.

அங்கே பதில் எழுதுவது யார் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சோதனை விவரமாகச் சொல்லிவைக்கிறேன். அனந்தபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஜெயக்கொடி என்ற பெண். நம் கடைக்கு ஸ்பூன் வாங்க வந்தவர்தான். காலை ட்ரிப் முடிந்ததும் குளக்கரையில் வண்டியை நிறுத்தி டீ குடிப்பார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். இந்த விவரம் ஆப்புக்குத் தேவைப்படாது.

ஒரு சந்தேகம். நேரில் பார்த்தால் "இன்னா, நல்லா இருக்கீங்களா" என்கிறார். "இருக்கேன்" என்கிறேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை. போனைத் தூக்கினால் அத்தனை வருகிறது. உன் படிப்பில் இதற்கு ஏதாவது காரணம் சொல்லியிருக்கிறார்களா?

பூட்டுப் படம் நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அழுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். ரொம்ப உபயோகம்.

பூபதி


சென்னை
29 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை.

198 என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. அம்மா இருந்திருந்தால் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்திருப்பார்.

ஆப் நன்றாகப் போகிறது. செஞ்சியில் தினமும் முப்பத்தெட்டு பேர் திறக்கிறார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் செட்டிகுளத்தில் திறக்கிறார்கள். கவிதா அதை வரைபடமாகப் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். கோடு நம் ராஜகிரிக் கோட்டை மலை மாதிரி ஏறுகிறது.

நீ எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுது அண்ணா. எழுத்துப் பிழை இல்லாமல் எழுது. அந்தப் பூட்டைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவசரமில்லை. பிறகு சொல்கிறேன்.

நைனாவுக்கு என் அன்பு. அவர் இப்போதெல்லாம் காலையில் எங்கே போகிறார்? போன் செய்தால் வண்டிச் சத்தம் கேட்கிறது.

ஸ்ரீநிதி


செஞ்சி
14 அக்டோபர் 2025

அன்புத் தங்கை நிதிக்கு,

நான் நலம். சுகர் 151. டாக்டர் என்னை மற்ற நோயாளிகளுக்குக் காட்டினார்.

உன் கடிதத்தில் ஒரு வரியை மை பூசி அடித்திருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'அக்கா' என்ற சொல் மட்டும் தெரிந்தது. எந்த அக்கா?

நம் ஊர்க்காரர்களுக்கு உடம்பின் மேல் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. காலை ஏழு மணிக்குச் செட்டிகுளம் கரையில் முப்பது பேர். எல்லாரும் போனைத் தூக்கிக் குளத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் போனதும் போனை இறக்கிவிட்டுக் கையைக் காலை ஆட்டுகிறார்கள். முருகையனைக் கேட்டேன். "எனக்கும் சுகர் வந்துடுச்சி பூபதி" என்றார். அதை ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. கோட்டை பார்க்க வந்த ஒரு பெங்களூர்க் குடும்பம் "இதுல முதலை இருக்குதா?" என்று விசாரித்தது. பூவாயி சுண்டல் கூடையோடு வந்து உட்கார்ந்துவிட்டது. நேற்று யாரோ படியில் கற்பூரம் கொளுத்தியிருந்தார்கள்.

மழையில் குளம் ஏறிவிட்டது. குறிப்பு இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. ஆனாலும் பளிச்சென்று தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் 'உங்கள் ஆட்டோ சத்தம் கேட்டால் மனதில் மகில்ச்சி' என்று எழுதினேன். (சோதனை வாக்கியம்.) மறுநாள் பார்த்தால் 'மகிழ்ச்சி' என்று தானாகவே திருந்தியிருந்தது. உன் ஆப்புக்குத் தமிழ் நன்றாகத் தெரிகிறது. பலே.

திண்டிவனத்தில் பெண் பார்க்கப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த நைனா, தானாகவே வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்றேன். "இப்ப இன்னா அவசரம்" என்றார். பதினோரு வருஷமாக அவசரப்பட்ட மனிதர்.

தீபாவளிக்கு வருவாய்தானே?

பூபதி


சென்னை
1 நவம்பர் 2025

அண்ணா,

தீபாவளிக்கு நான் வராததற்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னது பொய். உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வரவில்லை. நைனாவையும் உன்னையும் நலம் விசாரிக்கக்கூட எனக்கு இப்போது யோக்கியதை இல்லை. இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

பூட்டுப் படம் வெறும் படம்.

கவிதா வரைந்தது. பூட்டுகிற வேலையை நாங்கள் இன்னும் செய்யவே இல்லை. அழுத்தினால் படம் சிவப்பாக மாறும். அவ்வளவுதான். நீ பூட்டிவிட்டதாக நினைத்து எழுதிய நூற்றுப் பதினேழு குறிப்புகளையும், ஆப் வைத்திருக்கிற எல்லாரும் படித்திருக்கிறார்கள். செட்டிகுளத்துக்கு வருகிற யாருக்கும் சுகர் இல்லை. நீ என்ன எழுதினாய், ஜெயக்கொடி அக்கா என்ன பதில் சொன்னார் என்று பார்க்க வருகிறார்கள்.

ஆப்புக்குத் தமிழ் தெரியாது. 'மகிழ்ச்சி'யைத் திருத்தியது நைனா.

நீ பூட்டை நம்பி எழுதுகிறாய், ஊரே படிக்கிறது என்று எனக்குச் செப்டம்பர் பதினெட்டாம் தேதியே தெரியும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சுவரில் அந்தக் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. நீ எழுதுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். அதற்காக வாயை மூடிக்கொண்டேன். எழிலனுக்கும் கவிதாவுக்கும் இது தெரியாது. யார் என்ன எழுதினார்கள் என்பதை மறைத்து எண்ணிக்கையை மட்டும்தான் அவர்களுக்குக் காட்டினேன்.

இதைவிடத் தெளிவாக என்னைத் திட்ட எனக்குத் தெரியவில்லை. மீதியை நீ எழுது.

நிதி


சென்னை
24 நவம்பர் 2025

அண்ணா,

மூன்று வாரமாகத் தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனையும் நீ எடுப்பதில்லை. நைனாவைக் கேட்டேன். "கடைலதான் இருக்கான். வாயத் தொறக்க மாட்டேங்கறான். அடுக்கின பானையையே எறக்கி எறக்கி அடுக்கறான்" என்றார். சாப்பிடுகிறாயா? மாத்திரை போட்டுக்கொள்கிறாயா?

எழிலன் பூட்டைச் செய்து முடித்துவிட்டான். இப்போது அது உண்மையாகவே பூட்டும். ரொம்பத் தாமதம் என்று எனக்கே தெரிகிறது. செட்டிகுளத்துக் குறிப்புகளை அழித்துவிடவா? நீ சொல்லாமல் தொடமாட்டேன். அவை உங்கள் இரண்டு பேருடையவை.

ஓர் அட்டையில் 'போடி' என்று மட்டும் எழுதிப் போட்டாலும் எனக்குப் போதும்.

நிதி


அனந்தபுரம்
7 டிசம்பர் 2025

ஸ்ரீநிதி அவர்களுக்கு,

ஜெயக்கொடி வணக்கம் சொல்லி எழுதுவது. விலாசம் உங்கள் நைனாவிடம் வாங்கினேன். நீங்கள் என்னைப் பார்த்தது கிடையாது. ஆனால் நான் எழுதியதையெல்லாம் படித்திருப்பீர்கள், அதனால் புது ஆளைப் போல எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. திருவண்ணாமலை தீபத்துக்கு ஆள் ஏற்றி ஏற்றி வண்டிக்குத்தான் கிளட்ச் சரியில்லை. உங்களுக்கு உடம்பு சுகமா?

உங்கள் அண்ணன் ஒரு மாதமாகக் குளத்துக்கு வருவதில்லை. பஜாரில் என் ஹாரன் கேட்டால் அண்டாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார். அண்டா சின்னது. தலை தெரிகிறது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் என்னிடம் ஒரு வருஷம் பிரியமாகப் பேசினார். எங்கள் அண்ணன் ஜெயராமன் நாலு பெரியவர்களோடு போய் அவரிடம் கேட்டபோது, "யாரு, இந்தப் பொண்ணா? எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டார். அதற்கு அப்புறம்தான் நான் லைசென்ஸ் எடுத்தேன். தனியாக வந்து இனிக்கப் பேசுகிற ஆளுக்கு அன்றிலிருந்து நான் பதில் சொன்னதில்லை. உங்கள் அண்ணன் ஊரே படிக்கிற இடத்தில் எழுதினார். முருகையன் கேலி பண்ணுவார், எங்கள் ஸ்டாண்டில் சிரிப்பார்கள் என்று தெரிந்தும் எழுதினார். இப்படி ஒரு தைரியசாலியா என்றுதான் நான் பதில் எழுத ஆரம்பித்தேன்.

நாங்கள் நிலத்தில் பாடுபடுகிறவர்கள். நீங்கள் கடைக்காரர்கள். உங்கள் நைனா தினமும் என் வண்டியில்தான் குளத்துக்கு வருகிறார். படித்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போகிறார். அவர் ஏதாவது சொல்லிவிட்டாரா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று உங்கள் அண்ணனை நேரில் சொல்லச் சொல்லுங்கள். தாங்கிக்கொள்வேன். அண்டா வேண்டாம்.

இப்படிக்கு
ஜெயக்கொடி


செஞ்சி
19 டிசம்பர் 2025

நிதிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நைனாவும். சுகர் 231. இனிப்பு சாப்பிட்டு ஏறியதில்லை.

நீ ஒரு வார்த்தைகூட எழுதாமல் ஜெயக்கொடியின் கடிதத்தை மட்டும் உறையில் போட்டு அனுப்பியிருந்தாய். அதுதான் சரி. நீ ஏதாவது எழுதியிருந்தால் உறையையே கிழித்துப் போட்டிருப்பேன். உன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை வந்துவிட்டதால் அது கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது.

முதலில் நைனாவிடம் கேட்டேன்.

"எத்தினி நாளா படிக்கறீங்க?"

"மொத நாள்லேர்ந்து."

"ஏன் நைனா சொல்லல?"

"நல்லா எழுதினே. நடுவுல சொன்னா நிறுத்திடுவே." முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "ழகரம்தான் ஒனக்கு வரல" என்றார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு, "அந்தப் பொண்ணு வண்டி நல்லா ஓட்டுது. பள்ளத்துல எறக்காது" என்றார். அவர் இதுவரை ஒரு பெண்ணையும் இவ்வளவு புகழ்ந்ததில்லை.

அந்தத் தெம்பில் குளத்துக்குப் போனேன். ஜெயக்கொடி டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு, "அண்டாவ வித்துட்டீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதன்முதலாக நேரில் அரைமணி நேரம் பேசினோம். கரையில் யாரும் போனைத் தூக்கவில்லை. தேவைப்படவில்லை, எல்லாம் காதிலேயே விழுந்தது.

அப்போது அவர் சொன்னார்: "ஊர் முன்னாடி எழுதினீங்க பாருங்க, அதான் எனக்குப் புடிச்சது."

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அது, நிதி. தலையை ஆட்டினேன்.

பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தலையாட்டல் தொண்டையில் சோற்றுருண்டை மாதிரி நிற்கிறது. நான் தைரியசாலி இல்லை. பூட்டியிருக்கிறது என்று நம்பி எழுதிய கோழை. அது தெரிந்தால் அந்தப் பழைய ஆளோடு என்னையும் சேர்த்துவிடுவார். பூட்டு விஷயம் உனக்கும் எனக்கும் நைனாவுக்கும்தான் தெரியும். நீ மூச்சு விடக்கூடாது.

பூபதி


சென்னை
2 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது வருஷம் உனக்கும் நைனாவுக்கும் ஆரோக்கியமாக இருக்கட்டும். 231 என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜெயக்கொடி அக்காவிடம் மூச்சு விடமாட்டேன். ஆனால் என் கதையைக் கேள். முப்பதாம் தேதி தேர்வுக் குழு முன்னால் நின்றோம். கவிதா அந்த வரைபடத்தைத் திரையில் போட்டாள். ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரே எடத்துக்கு ஏன் தெனமும் வர்றாங்க? அப்படி என்ன இருக்கு அங்க?" என்று கேட்டார். சுற்றுலா, வரலாறு என்று எழிலன் ஏதோ ஆரம்பித்தான். நான் குறுக்கே புகுந்து, "என் அண்ணன் காதலிச்சார் சார். பூட்டு வேலை செய்யலன்னு தெரிஞ்சும் நான் அவர்கிட்ட சொல்லல" என்றேன்.

அறையே சிரித்தது. அந்தப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. எங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. எழிலனும் கவிதாவும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கவிதா வந்து, "இனிமே நடக்காத வேலைக்குப் படம் வரைய மாட்டேன்" என்றாள். மறுபடியும் வேலையை ஆரம்பித்துவிட்டோம்.

எனக்கு வாய்ப்புப் போய்விட்டது. ஆனால் தொண்டை காலியாக இருக்கிறது. அதனால் சொல்கிறேன், அவரிடம் சொல்லிவிடு. முருகையன் மூலமாகவோ நைனா மூலமாகவோ தெரிந்தால் அவர் இரண்டாவது தடவை ஏமாந்தவர் ஆவார்.

பயமாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சொல். வெறும் வயிற்றோடு போகாதே.

நிதி


செஞ்சி
20 ஜனவரி 2026

அன்புத் தங்கை நிதிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். நைனா சௌக்கியம். சுகர் பார்க்க நேரமில்லை. வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் வைத்துவிடாதே.

ஆறாம் தேதி குளக்கரையில் சொல்லிவிட்டேன். பூட்டுப் படம், நான் அழுத்தியது, தலையை ஆட்டியது எல்லாவற்றையும். ஜெயக்கொடி கடைசிவரை கேட்டார். "அப்போ நீங்களும் கதவச் சாத்திக்கினுதான் பேசியிருக்கீங்க" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு குளக்கரையில் வண்டி நிற்கவில்லை. பொங்கல் வந்தது, போனது. நைனா பொங்கல் பானையை இறக்கிவிட்டு எனக்குச் சர்க்கரையில்லாமல் ஒரு பிடி தனியாக எடுத்துவைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

நேற்றுக் காலை கடையைத் திறந்தேன். பூட்டை அழுத்தாமல் ஆப்பில் எழுதலாமா என்று யோசித்தேன். நாற்பத்தொரு பேர்தான் இருக்கிறார்கள். போதாது. கடையை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டுரோடு ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்தேன். எட்டரை மணி. ஆட்டோக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், விழுப்புரம் பஸ்ஸுக்கு நிற்கிற டீச்சர்கள், காலேஜ் பிள்ளைகள், முருகையன். ஜெயக்கொடி வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் அவர் அண்ணன் ஜெயராமன். நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

சொன்னேன். அந்த நேரம் பார்த்துத் திருவண்ணாமலை பஸ் ஹாரன் அடித்தது. என் காதுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். குரல் எழும்பவில்லை. பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "யோவ், சத்தமா சொல்லுய்யா, பின்னாடி கேக்கல" என்றார்.

கத்தினேன்.

"எம்பேர் பூபதி. பாத்திரக்கடை தேவநாதன் புள்ள. பூட்டியிருக்குதுன்னு நெனச்சிதான் எழுதினேன், அது கோழைத்தனம். ஆனா எழுதினது ஒண்ணுகூட பொய் இல்ல. இந்த ஜெயக்கொடிய எனக்குத் தெரியும். நாளைக்கு எவன் வந்து கேட்டாலும் தெரியும்னுதான் சொல்வேன். கட்டிக்கணும்னு ஆசைப்படறேன்."

கண்டக்டர் விசிலடிக்க மறந்து படியிலேயே நின்றார். ஜெயக்கொடி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு ஏன் வழிய மறிச்சிக்கினு நிக்கிறீங்க? ஏறுங்க. ட்ரிப்புக்கு டைம் ஆவுது."

ஏறினேன். காலில் செருப்பு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஜெயராமன் நகர்ந்து இடம் கொடுத்தார். வண்டியில் பத்துப் பேர். அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் ஜெயராமன் தொண்டையைக் கனைத்தார்.

"உங்க கடைல குக்கருக்கு எத்தினி வருசம் கேரண்டி?"

"அஞ்சு."

"கடைக்காரருக்கு?"

"சுகர் இருக்குது. மத்தபடி ஆயுசுக்கும்."

முன்னால் கண்ணாடியில் பார்த்தேன். ஜெயக்கொடி சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியைப் பள்ளத்தில் விட்டுவிட்டாள். பத்துப் பேரும் ஒரு துள்ளு துள்ளி உட்கார்ந்தோம்.

அவர்கள் வீட்டில் காபி கொடுத்தார்கள். சர்க்கரை இல்லாமல். தை இருபத்தைந்து ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களோடு முறையாக வந்து கேட்கச் சொன்னார்கள்.

மத்தியானம் திரும்பி வந்தால் நைனா கடையில் உட்கார்ந்து ஒரு தோசைக்கல்லுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். தோசைக்கல்லைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, "ஷேர் ஆட்டோல நசுங்கிக்கினு போய்ப் பொண்ணு கேக்க முடியாது. அந்தப் பொண்ணு வண்டியவே முழுசாப் பேசிடு. வேற வண்டில எம்முட்டி தாங்காது" என்றார்.

சாயங்காலம் ஸ்டாண்டுக்குப் போய் அப்படியே சொன்னேன். ஜெயக்கொடி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னப் பொண்ணு கேக்கறதுக்கு என்னையே வண்டி ஓட்டச் சொல்றீங்களா?"

"நைனாதான்..."

"உங்க நைனாவ ஆயுசுக்கும் நான் ஏத்திக்கினு போறேன். அன்னிக்கி ஒரு நாள் மட்டும் நான் வீட்டுக்குள்ள இருப்பேன். நீங்க வந்து கூப்புடுங்க."

நீ சனிக்கிழமையே வந்துவிடு. எழிலனையும் கவிதாவையும் கூட்டிக்கொண்டு வா, நம் பக்கம் ஆள் குறைச்சல். ஊரில் மற்ற எல்லாரும் பெண் வீட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

உன் அண்ணன்
பூபதி